தக்காளி வாடுது, சூடோமோனாஸ் ஊத்தியும் நிக்கலைங்க சார்

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து ஒரு அம்மணி எழுதியிருக்காங்க. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால கடுதாசிய மட்டும் சுருக்கி போடறேன்:

"சார் வணக்கம். எங்களுக்கு ஒண்ணே கால் ஏக்கருங்க, பாதி கரிசல் பாதி செம்மண். தக்காளி நட்டு 40 நாளாச்சு, பூ எடுக்கற நேரத்துல வாட ஆரம்பிச்சிருச்சு. அடி இலை மஞ்சளாகுது, சில இலைல ஒரு பக்கம் மட்டும் மஞ்சள், மதியம் துவளுது, காலைல நிமிருது, ஒரு வாரத்துல செடியே காஞ்சிருது. வாய்க்கா ஓரம் இருக்கற சில செடி மட்டும் பச்சையாவே ஒரே நாள்ல தொங்கிருச்சு. கடைல பூஞ்சாண வாடல்னு சொல்லி சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா பவுடர் 2 கிலோ, டிரைக்கோடெர்மாங்கற நல்ல பூஞ்சாண பவுடர் 2 கிலோ குடுத்தாங்க. ரெண்டையும் ஒரே டிரம்ல கரைச்சு மதியம் சாப்புட்டு வந்து ஊத்துனோம். மூணாம் நாள் காப்பர் ஆக்ஸிகுளோரைடும் ஊத்தியாச்சு. நிக்கல. அப்பா 'பவுடர கரைச்சு ஊத்தி காச கரியாக்கிட்ட'ன்னு தினம் ஏசறாரு. இந்த பாக்டீரியா நெசமாவே வேலை செய்யுமா, இல்ல ஏமாத்தா? இருக்கற செடிய காப்பாத்த முடியுமா? அடுத்த வெள்ளாமைக்கு என்ன பண்றது? வெல்லம் போட்டு டிரம்ல பெருக்கிக்கலாம்னு யூடியூப்ல பாத்தேன், செய்யலாங்களா?"

அம்மணி, மொதல்ல அப்பா ஏசறத மனசுல வெக்காதீங்க, ஏன்னா அந்த ஏச்சு நான் வாங்குனதுதான். வேலைல சேந்த புதுசுல, கத்திரி தோட்டம் பாதி போனதுக்கப்பறம் ஒரு பெரியவர்கிட்ட சூடோமோனாஸ் ஊத்துங்கன்னு தைரியமா சொல்லிட்டு வந்தேன், அவரும் பாவம் நம்பி ஊத்துனாரு, மீதி பாதியும் போச்சு. அதுக்கப்பறம் அந்த ஊர் டீக்கடைல எனக்கு பேரே பவுடர் ஆபீசர்தான், முகத்துக்கு போடற பவுடருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் சார்னு கேப்பாங்க, சிரிச்சுட்டு டீ குடிச்சுட்டு வருவேன், வேறென்ன பண்றது. தப்பு பவுடர் மேல இல்ல, ஊத்தச் சொன்ன நேரத்து மேலதான்னு எனக்கே வெளங்கறதுக்கு ரெண்டு மூணு வெள்ளாமை ஆச்சு.

சரி, மருந்து பேசறதுக்கு முன்னாடி நோய் என்னன்னு பாத்துரலாம். ஏன்னா நீங்க எழுதுனதுல ரெண்டு நோய் தெரியுது எனக்கு. அடி இலை மஞ்சளாகி, ஒரு பக்கமா மஞ்சளாகி, மெதுவா காயறது பியூசேரியம் வாடல், அது பூஞ்சாணம். வாய்க்கா ஓரத்துல பச்சையாவே ஒரே நாள்ல தொங்குனது பாக்டீரியா வாடலா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அது ரால்ஸ்டோனியான்னு வேற ஒரு பாக்டீரியா. கடைக்காரர் செடிய பாக்காமலே பூஞ்சாணம்னு சொல்லியிருப்பாரு, அவர குத்தம் சொல்லல, அவரு கல்லாவ விட்டு எந்திரிச்சு வர முடியுமா.

இதை வீட்லயே பாத்துரலாம், காசு செலவில்ல. கண்ணாடி டம்ளர் ஒண்ணுல தெளிஞ்ச தண்ணி ஊத்தி ஜன்னல் திட்டுல ஆடாம வைங்க. அன்னைக்கு வாடுன செடியா பாத்து, காஞ்சது வேண்டாம், தரைக்கு ஒட்டி தண்டை ரெண்டு விரக்கடை நீளத்துக்கு சுத்தமான கத்தில வெட்டுங்க. ஒரு நூல்ல கட்டி, வெட்டுன வாய் மட்டும் தண்ணில முங்கற மாதிரி தொங்க விடுங்க, அந்த பக்கம் யாரையும் விடாதீங்க, டம்ளர் ஆடுனா தெரியாது. அஞ்சு நிமிஷத்துக்குள்ள வெட்டு வாய்ல இருந்து பால் வெள்ளையா ஒரு நூல், ஊதுபத்தி புகைய தலைகீழா பாத்த மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு கீழ எறங்குச்சுன்னா அது பாக்டீரியா வாடல். ஒண்ணும் எறங்கல, ஆனா தண்டை நீளவாக்குல கீறிப் பாத்தா தோலுக்கு அடியில காப்பித்தூள் கலர்ல கோடு ஓடுதுன்னா பியூசேரியம். மஞ்சளான செடில ஒண்ணு, பச்சையா தொங்குன செடில ஒண்ணு, ரெண்டையும் தனித்தனி டம்ளர்ல பாருங்க. அப்படியே ஒரு செடிய வேரோட பிடுங்கி மண்ணு கழுவி பாருங்க, வேர்ல முடிச்சு முடிச்சா இருந்தா அது நூற்புழு, அது வேரைக் குத்தி வழி விடும், பின்னாலயே பியூசேரியம் நுழையும். எதிர்ப்பு ரகம்னு சொல்ற செடி கூட நூற்புழு இருந்தா அந்த எதிர்ப்ப கோட்டை விட்டுரும்.

இப்ப உங்க பெரிய கேள்வி, நெசமாவே வேலை செய்யுமான்னு. செய்யும். ஆனா அது செடிக்கு குடுக்கற மருந்து இல்லைங்க, வேர்ல குடி வெக்கற ஆளு. குடி வெக்கறதுன்னா வீடு காலியா இருக்கணும், வர்ற ஆளு உசுரோட வரணும், நாலு பேரா வராம கூட்டமா வரணும். உங்க தோட்டத்துல இது மூணுமே நடக்கல, அதான் விஷயம்.

எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்றேன், இது எனக்கு பிடிச்ச பகுதி, நீளமா போனா பொறுத்துக்கங்க. செடி இலைல செய்யற சக்கரையில ஒரு பங்க வேர் வழியா மண்ணுக்குள்ள கசிய விடும். அதைத் திங்கறதுக்குன்னே வேரைச் சுத்தி ஒரு கூட்டம் எப்பவும் மொய்ச்சுக்கிட்டு கெடக்கும், நம்ம கல்யாண பந்தி மாதிரின்னு வெச்சுக்கங்க. மொத பந்தில யாரு எடம் பிடிக்கறாங்களோ அவங்களுக்குத்தான் சாப்பாடு. சூடோமோனாஸ் வேகமா பெருகற சாதி, காலி வேர் கெடச்சா படபடன்னு எடத்த பிடிச்சுக்கும், பூஞ்சாணத்தோட வித்து முளைச்சு வந்து பாத்தா இலை போட எடமிருக்காது.

அப்பறம் இரும்பு. சூடோமோனாஸ் புளோரசன்ஸ்னு பேர்லயே புளோரசன்ஸ் இருக்கு பாருங்க, லேப்ல தட்டுல வளத்து யூவி லைட் அடிச்சா மஞ்சப்பச்சையா மினுமினுன்னு ஒளிரும், மொத தடவை பாக்கறவங்க யாரும் வாய மூட மாட்டாங்க. அந்த ஒளி சும்மா அழகுக்கு இல்ல, அது பயோவெர்டின்னு ஒரு பொருள், மண்ணுல இருக்கற இரும்ப கொக்கி போட்டு இழுக்கறதுக்காக அது வெளிய விடற தூண்டில். இழுத்த இரும்ப அதால திரும்ப உள்ள எடுத்துக்க முடியும், பக்கத்துல இருக்கற பூஞ்சாணத்துக்கு அந்த பூட்டு தொறக்காது, இரும்பில்லாம வளர்த்தி குன்றிப் போகும். 1980-லயே கலிஃபோர்னியாவுல க்ளோப்பர், ஷ்ராத் குழு இத காட்டிட்டாங்க. இதுல உங்களுக்கு ஒரு சங்கதி இருக்கு. சித்தூர் தாலுக்கா கரிசல்ல சுண்ணாம்பு ஜாஸ்தி, மண்ணோட காரத்தன்மைய சொல்ற பி.எச் அளவு ஏழுக்கு மேல, மண்ணுல இரும்பு இருந்தும் கரையாது, செடியே இளம் இலை வெளுத்து நிக்கறத நீங்க பாத்திருப்பீங்க. அங்க இரும்புக்கு ஏற்கனவே அடிதடி, அதனால இந்த தூண்டில் வேலை அங்க நல்லா எடுபடும். உங்க செம்மண் பாதில பி.எச் எறங்கி இருந்தா இரும்பு தாராளமா கெடைக்கும், அங்க இந்த ஒரு வித்தைய மட்டும் நம்பிட்டு இருக்க முடியாது.

இது போக பூஞ்சாணத்த நேரா கொல்ற சில பொருளையும் இந்த சாதில சிலது வெளிய விடும். அமெரிக்கால வாஷிங்டன் மாநிலத்துல கோதுமைக்கு டேக்-ஆல்னு ஒரு வேர் நோய் உண்டு. ஒரே நிலத்துல வருஷா வருஷம் கோதுமையே போட்டா மொதல்ல சில வருஷம் நோய் ஏறிக்கிட்டே போகுது, அப்பறம் யாரும் மருந்து வெக்காம தானா எறங்கிருது. ஏன்னு தோண்டிப் பாத்தா வேர்ல ஒரு வகை சூடோமோனாஸ் பெருகிக் கெடக்கு, அது டி.ஏ.பி.ஜி-ன்னு சுருக்கமா சொல்ற ஒரு பொருள செய்யுது. கணக்கு எடுத்தப்ப ஒரு கிராம் வேருக்கு சுமார் ஒரு லட்சம் பாக்டீரியா இருந்தாத்தான் நோய் அடங்குது, அதுக்கு கீழ போனா பலனில்ல. கூட்டமா வரணும்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். இதைப் பாத்துட்டு நீங்க தக்காளிக்கு மேல தக்காளி போட்டுராதீங்க, கோதுமைக்கு நடந்தது தக்காளிக்கு நடக்கும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு 1991-ல ஹாலந்துல கார்னேஷன் பூச்செடில பாத்தாங்க. பாக்டீரியாவ வேர்ல விட்டாங்க, பியூசேரியத்த வேர்ல விடாம நேரா தண்டுல ஏத்துனாங்க. ரெண்டும் ஒண்ண ஒண்ணு சந்திக்கவே இல்ல, ஆனாலும் நோய் கொறைஞ்சிருச்சு. வேர்ல உக்காந்த பாக்டீரியா செடிய உஷார் பண்ணி வெச்சிருது, அப்பறம் நோய் வந்தா செடியே சீக்கிரமா கதவ சாத்துது. ஆனா உஷார் ஆகறதுக்கு நாள் வேணும், வாடி நிக்கற செடிகிட்ட போய் உஷார் சொல்லி என்ன ஆகப் போகுது? பியூசேரியம் தண்டுக்குள்ள தண்ணி ஓடற குழாய்க்குள்ள போயிருச்சு, நீங்க ஊத்துனது வெளிய வேர் மேல நிக்குது, கள்ளன் பீரோவுக்குள்ள, வாட்ச்மேன் கேட்ல.

உங்க பவுடர் உசுரோட வந்துச்சாங்கறது அடுத்தது. சூடோமோனாஸ் வித்து போடாத சாதி, டால்க் பவுடர்ல கலந்து பாக்கெட்ல அடைச்சா மாசா மாசம் செத்துக்கிட்டே வரும். பேசிலஸ் சப்டிலிஸ்னு இன்னொரு பாக்டீரியா உண்டு, அது அப்படி இல்ல, தடிச்ச ஓடு போட்டு தூங்கிக்கும், வெயில் தாங்கும், அதனால வெயில் காலத்துல வாங்கறதா இருந்தா நான் பேசிலஸ்தான் சொல்வேன். பாலக்காட்டு கணவாய்ல மார்ச் ஏப்ரல் வந்தா 40 டிகிரி தொடுது, தகரக் கொட்டாய் கடைல மேல் அடுக்குல ஆறு மாசம் கெடந்த சூடோமோனாஸ்ல என்ன மிச்சம் இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. பாக்கெட்ல தயாரிச்ச தேதிய பாருங்க, ரெண்டு மாசத்துக்குள்ளதா கேளுங்க. கோயமுத்தூர் வேளாண் பல்கலைல பி.எஃப்-1ங்கற வகை கெடைக்கும், உங்களுக்கு வேலந்தாவளம் தாண்டுனா ஒரு மணி நேர ஓட்டந்தான். இல்லாட்டி உங்க ஊர் வேளாண் ஆபீஸ் கிருஷி பவன்ல சொல்லி வெச்சா வெள்ளானிக்கரை வேளாண் பல்கலைல இருந்தோ வேற எடத்துல இருந்தோ புதுசா வரும்போது எடுத்துக்கலாம். வாங்குனத வீட்ல மண்பானை பக்கம் நிழலா வைங்க, மோட்டார் ரூம்ல வெக்காதீங்க.

அப்பறம் மதியம் ஊத்துனது. உச்சி வெயில்ல கொதிக்கற மண்ணுல ஊத்துனா பாதி அங்கயே போச்சு. பொழுது சாய ஊத்தணும், ஊத்தறதுக்கு முன்னாடி மண்ணு ஈரமா இருக்கணும். ரெண்டையும் ஒரே டிரம்ல கரைச்சது பெரிய பாவம் இல்ல, ஆனா நான் செய்ய மாட்டேன், சூடோமோனாஸ் பூஞ்சாணத்த அமுக்கற ஆளு, டிரைக்கோடெர்மாவும் பூஞ்சாணந்தானே, நல்ல பூஞ்சாணம்னு அதுக்கு எப்படி தெரியும். பத்து பதினஞ்சு நாள் இடைவெளி விடுங்க. மூணாம் நாள் காப்பர் ஊத்துனதுதான் எனக்கு வயித்தெரிச்சல். காப்பர் பூஞ்சாணத்தையும் கொல்லும் பாக்டீரியாவையும் கொல்லும், அதுக்கு நம்மாளு வேத்தாளு தெரியாது. காசு குடுத்து ஆள் வெச்சு நீங்களே ஆள அடிச்ச கணக்கு. கார்பென்டசிம்ங்கற பூஞ்சாண மருந்து வேற மாதிரி, அது சூடோமோனாஸ பெருசா தொந்தரவு பண்ணாது, ஆனா டிரைக்கோடெர்மாவ தொடச்சு எடுத்துரும். எது எதோட சேரும்னு கடைல கேக்காம பில்லு போடாதீங்க.

இருக்கற செடிக்கு என்ன பண்றது. வாடுனத காப்பாத்த முடியாது, ஆசைய விட்டுருங்க. வேரோட மண்ணோட எடுத்து சாக்குல போட்டு வெளிய கொண்டு போய் எரிங்க, வரப்புல வீசாதீங்க, வாய்க்கால்ல வீசவே வீசாதீங்க, ஆளியாறு தண்ணி உங்க தோட்டத்தோட நிக்கறதில்ல, கீழ இருக்கறவங்களுக்கும் போகுது, அவங்க மேல இருந்து உங்களுக்கு வந்ததாவும் இருக்கலாம். டம்ளர்ல நூல் எறங்கலைன்னா, பிடுங்குன குழியச் சுத்தி இருக்கற நல்ல செடிகளுக்கு கார்பென்டசிம் லிட்டருக்கு 1 கிராம் கரைச்சு வேர்ல ஊத்துங்க, பதினஞ்சு நாள் கழிச்சு புது சூடோமோனாஸ் லிட்டருக்கு 20 கிராம். இயற்கை பிரியர்கள் சிலர் இதுக்கு என்னை திட்டுவாங்க, பரவால்ல, கடன் வாங்கி நட்ட தக்காளில நான் பிடிவாதம் பிடிக்கறதில்ல. நூல் எறங்குச்சுன்னா கார்பென்டசிம் வீண் செலவு, பாக்டீரியாவ அது தொடாது. அந்த பக்கம் பாசனத்த தனியா பிரிச்சு கடைசியா தண்ணி விடுங்க, மம்பட்டி, கத்திய கழுவாம இந்த பக்கம் கொண்டு வராதீங்க.

அடுத்த வெள்ளாமைக்குத்தான் உண்மையான வேலை. அந்த எடத்துல தக்காளி, கத்திரி, மிளகா மூணும் கொஞ்ச காலம் வேண்டாம், மூணும் ஒரே குடும்பம், பாக்டீரியா வாடல் மூணையும் பிடிக்கும். பியூசேரியம் மண்ணுல பல வருஷம் வித்தா தூங்கும், ஒரு போகம் மாத்துனா போயிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனா கொறையும். மக்காச்சோளம் போடுங்க, இல்லாட்டி செண்டுமல்லி போடுங்க, ஓணத்துக்கு பூ வெட்டற மாதிரி கணக்கு பண்ணி நட்டா கேரளாக்காரங்க வீட்டுக்கே வந்து எடுத்துக்குவாங்க, வேர்ல இருந்து வர்ற பொருள் நூற்புழுவையும் அடக்கும். ஏப்ரல்ல நிலம் காலியா இருந்தா தண்ணி விட்டு நனைச்சு வெள்ளை பாலிதீன், கறுப்பு வேண்டாம், கண்ணாடி மாதிரி இருக்கறது, அத போத்தி ஓரத்துல மண்ணு அணைச்சு நாலஞ்சு வாரம் விட்டுருங்க, உள்ள ஏர்ற வெயில் சூட்டுல நோய்க் கிருமி கொறையும். முழுசும் போத்த செலவாகும், மோசமான பாத்திய மட்டும் போத்துங்க.

மூடாக்க எடுத்தப்பறம் மண்ணு காலி வீடு மாதிரி, அப்பத்தான் நம்மாள கொண்டு போய் குடி வெக்கணும். 90 கிலோ காஞ்ச சாணி எரு, 10 கிலோ வேப்பம்புண்ணாக்கு, அதுல 1 கிலோல இருந்து 2 கிலோ டிரைக்கோடெர்மா. தண்ணி தெளிச்சு, கைல பிடிச்சா உருண்டை நிக்கணும் தண்ணி ஒழுகக் கூடாது, அந்த பதத்துல நிழல்ல குமிச்சு ஈரச்சாக்கு போட்டு மூடுங்க. ஒரு வாரம் கழிச்சு சாக்க தூக்கிப் பாத்தா மேல மொதல்ல வெள்ளையா பஞ்சு மாதிரி, அப்பறம் பாசிப்பயறு கலர்ல பச்சை பூத்திருக்கும், மழை பேஞ்ச மண்ணு வாசம் வரும். கெளறி விட்டு இன்னொரு வாரம். அப்பறம் குழிக்கு ரெண்டு கை. இதை அப்பா கையால கெளற விடுங்க, பச்சை பூக்கறத கண்ணால பாத்தா பாதி ஏச்சு கொறையும். அழுகுன நாத்தம் அடிச்சாலோ கறுப்பு கறுப்பா பூத்தாலோ அது வேற பூஞ்சாணம், போட வேண்டாம்.

நாத்து குழித்தட்டுல வாங்கறவங்கன்னா, நடவுக்கு ஒரு வாரம் முன்னாடியே தட்டுல சூடோமோனாஸ் ஊத்திருங்க, நடும்போது லிட்டருக்கு 20 கிராம் கரைச்ச தண்ணில வேரை அரை மணி நேரம் நனைச்சு நடுங்க. சொந்தமா விதை போட்டா கிலோவுக்கு 10 கிராம் போதும். நட்டப்பறம் ஏக்கருக்கு 1 கிலோவ 20 கிலோ மக்குன எருவுல கலந்து வேர் பக்கம். எரு கட்டாயம், வெறும் மண்ணுல வெறும் பவுடர் போட்டா திங்க ஒண்ணுமில்லாம அதுவும் பட்டினி.

செம்மண் பாதில பாக்டீரியா வாடல்னு உறுதியாச்சுன்னா பவுடர மட்டும் நம்பாதீங்க, ரகத்த மாத்துங்க. கேரளா வேளாண் பல்கலை தக்காளில சக்தி, முக்தி, அனகா விட்டிருக்காங்க, இந்த வாடலுக்காகவே எடுத்த ரகங்க, கத்திரின்னா சூர்யா, ஹரிதா. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஐ.ஐ.எச்.ஆர் விட்ட அர்க்கா ரக்ஷக் ஒண்ணு. காய் வேலந்தாவளம் மார்க்கெட்ல என்ன வெலைக்கு போகும்னு மொதல்ல விசாரிச்சுக்கங்க, எதிர்ப்பு இருந்து யாவாரி எடுக்கலைன்னா அதுவும் கஷ்டம். கத்திரி வேர்ல தக்காளி ஒட்டுக் கட்டுன நாத்தும் இப்ப கெடைக்குது, நாத்து வெலை கூடத்தான், நடும்போது ஒட்டு மண்ணுக்குள்ள போகாம பாத்துக்கங்க, போச்சுன்னா தக்காளி தன் வேர விட்டு எல்லாம் பாழ்.

அந்த யூடியூப் டிரம் விஷயம். வேண்டாங்க. வெல்லத்தண்ணில சூடோமோனாஸ் மட்டுமா வளரும், காத்துல இருக்கறது, டிரம்ல ஒட்டியிருந்தது, தண்ணில இருந்தது எல்லாம் சேந்து வளரும். நாலாம் நாள் நொரைச்சு நிக்கும்போது உள்ள யாரு ஜெயிச்சாங்கன்னு லேப்ல தட்டுல போடாம எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. இந்த குடும்பத்துலயே ஏருஜினோசான்னு ஒரு பங்காளி இருக்கான், மனுசனுக்கு புண்ணுல சீழ் பிடிக்க வெக்கறவன். கைல வெட்டுக்காயத்தோட அந்த டிரம்ல கைய விட்டு கலக்கறத நான் எங்கயும் ஒத்துக்க மாட்டேன். கடை பவுடர கலக்கும்போதும் மூக்குல துணி கட்டிக்கங்க, அது டால்க் தூசிக்காக.

இந்த ஞாயித்துக்கெழமை காலைல அப்பாவையும் பக்கத்துல உக்கார வெச்சு ரெண்டு டம்ளரையும் வெச்சுப் பாருங்க. எதுல நூல் எறங்குச்சு, எதுல எறங்கலைன்னு ஜன்னல் வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, தண்டு கீறுனதையும் சேத்து. நாத்துக்கு அட்வான்ஸ் குடுக்கறது அதுக்கப்பறம் குடுக்கலாம்.